ஒசாகாவில் கேட்டதைச் சங்கரன்கோவிலில் போட்டேன்

1955 நவம்பரில் நான் ஜப்பானுக்குப் போனது விசைத்தறி வாங்க. முதலாளி காசில் பாட்டுக் கேட்கப் போனான் என்று ஊரில் ஒரு பேச்சு உலாவுகிறது. பொய். கச்சேரி டிக்கெட் என் சொந்தக் காசு, இருநூறு யென். நம் பணத்தில் மூன்று ரூபாய்க்கும் குறைவு. திரும்பி வந்த பிறகு நான் செய்த காரியத்துக்காகக் கடைத்தெருவில் சில பேர் என்னைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும். ஜப்பானுக்குப் போக நினைக்கும் நம் பக்கத்து வியாபாரிகள் சிலர் வழி விவரம் கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். வழியை மட்டும் எழுதிவிட்டு நடந்ததை விட்டுவிட மனம் வரவில்லை.

என் பெயர் தேவசகாயம். சங்கரன்கோவில் சுப்பையா முதலாளியின் நூல் கடையில் கணக்குப்பிள்ளை. அதற்கு முன் மலாயாவில், கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எழுத்தர் வேலை. என் அக்கா ஞானம்மாளின் கணவர் சாமுவேல் அத்தானும் அதே தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1943 மழைக்காலத்தில் முகாமுக்குள் காலரா வந்தது. அத்தான் அங்கேயே போய்விட்டார். நான் பிழைத்து ஊர் வந்து சேர்ந்தேன். அக்கா இரண்டு பெண்பிள்ளைகளோடு இங்கேதான் இருந்தாள். அந்த ரயில் பாதையைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. இதையும் சொல்லாமல் விட்டால் மற்றது விளங்காது.

சுப்பையா முதலாளிக்கு ஜப்பான் விசைத்தறி ஆறு இறக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இறக்குமதி அனுமதி கைக்கு வந்த அன்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்வே, உமக்கு அவங்க பாஷை தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி. அடிக்கதுக்கு முன்னால என்ன சொல்லுவான், அடிச்ச பொறவு என்ன சொல்லுவான், ரெண்டும் தெரியும்."

அவர் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "இஷ்டமில்லேன்னா சொல்லிரும். நான் வேற ஆளப் பாக்கேன். தப்பா எடுத்துக்கிட மாட்டேன்" என்றார்.

"நானே போறேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். அவர்கள் ஊரில், அவர்கள் கடைத்தெருவில், காலில் செருப்போடும் பையில் பணத்தோடும் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி இருந்தது. அவ்வளவுதான் காரணம். அக்காவிடம் சொன்னபோது அவள் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"போறதுன்னா போ. அங்கன போயி எவன்கிட்டயும் பல்லக் காட்டிட்டு நிக்காத."

இனி வழி. பாஸ்போர்ட்டுக்குத் திருநெல்வேலியில் மனுக் கொடுத்தால் போலீஸ் விசாரணை முடிந்து சென்னையிலிருந்து வரும். எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. மலாயாவிலிருந்து திரும்பியவர்களை இரண்டு தடவை விசாரிப்பார்கள், சலித்துக்கொள்ளாதீர்கள். அம்மைக்கும் காலராவுக்கும் ஊசி போட்டுச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். அது இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். காலரா ஊசி போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்தி, "அவ்ளோதான், எந்திரிங்க" என்றாள். நான் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் மாலை ரயிலேறினால் மறுநாள் எழும்பூர். ஏறக்குறைய 385 மைல். விருதுநகர் தாண்டும் வரை மூன்றாம் வகுப்பில் உட்கார இடம் கிடைக்காது. ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரிகள் மூட்டையோடு ஏறுவார்கள். சென்னையில் மூர் மார்க்கெட்டில் எட்டு ரூபாய்க்குப் பழைய கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கினேன். வாங்காமல் போயிருந்தால் ஒசாகாவில் விறைத்திருப்பேன். டிசம்பரில் அங்கே காலையில் வாயைத் திறந்தால் புகை வரும்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு கப்பல், அங்கிருந்து ஹாங்காங் வழியாகக் கோபே துறைமுகத்துக்கு இன்னொன்று. மேல்தளத்தில் படுத்துப் போகிற டெக் பயணிகளுக்குச் சோறும் பருப்பும் தருவார்கள். ஊறுகாய் நாம் கொண்டுபோக வேண்டும். பினாங்கில் கப்பல் ஒரு பகல் நின்றது. இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்து, இறங்கினேன். பழைய தோட்டத்துப் பக்கம் போகவில்லை. துறைமுகத் தெருவில் ஒரு தமிழ்க் கடையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அந்த ஊரில் நான் கடைசியாக நின்றபோது பசியோடு நின்றவன். இந்தத் தடவை கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினேன்.

சென்னையில் ஏறி இருபத்தாறாம் நாள் கோபே. அங்கிருந்து ஒசாகா இருபது மைல், மின்சார ரயில் முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். தறித் தொழிற்சாலை ஊரின் ஓரத்தில் இருந்தது. வாசலில் மேனேஜரும் இன்னும் நாலு பேரும் வரிசையாக நின்று இடுப்பு வரை குனிந்து வணங்கினார்கள். அது அவர்கள் வழக்கம், மரியாதை, எனக்குத் தெரியும். பதிலுக்குக் குனிவதுதான் முறை என்பதும் தெரியும். முகாமில் காவலாளிக்குக் குனிய மறந்தால் கன்னத்தில் அறை விழும். நான் குனியவில்லை. நிமிர்ந்து நின்று கைகூப்பி "வணக்கம்" என்றேன். மேனேஜர் ஒரு கணம் திகைத்து, அவரும் கைகூப்பினார். வியாபாரம் அதனால் கெட்டுப்போகவில்லை. விலையில் நூற்றுக்கு நாலு குறைத்தும் வாங்கினேன். போகிறவர்கள் பயப்பட வேண்டாம், நம் வழக்கம் அங்கே செல்லும்.

தொழிற்சாலையில் இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரு சத்தம் கேட்டது. சாப்பாட்டு அறையில் பெண் தொழிலாளிகள் முப்பது பேர் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியப் பாட்டு இல்லை, சொற்களும் ஜப்பானியம் இல்லை. ஒரு பக்கம் மேல் குரல், ஒரு பக்கம் அதற்குக் கீழ்க் குரல், இரண்டும் பின்னிப் பின்னி ஏறின. எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து நான் தாழ்ந்த குரல் பாடுகிறவன். மேலே போகிற இரண்டு குரலைக் கேட்டதும் கீழே இருக்க வேண்டிய ஆண் குரல் இரண்டும் என் காதுக்குத் தானாகக் கேட்டுவிட்டன. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

விசாரித்தால், நகரத்துச் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆண்டு முடிவில் ஒரு ஜெர்மானியரின் பெரிய சிம்பொனியை வாசிக்கிறது, அதன் கடைசிப் பகுதிக்கு நூற்றுக்கணக்கான குரல் தேவை, தொழிற்சாலை, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று பல இடத்திலிருந்து ஆள் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். எனக்குத் திரும்பும் கப்பலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. டிக்கெட் வாங்கப் போனேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்வரிசை என்று கவுன்டரில் இருந்தவர் விலை உயர்ந்த சீட்டை நீட்டினார். "மேல் மாடி, கடைசி வரிசை" என்றேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, சரியாக ஆறரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். நம் ஊர் மாதிரி பாதியில் போய் உட்கார முடியாது. இன்னொன்று, ஒரு பகுதி முடிந்து அமைதி வந்ததும் கைதட்டிவிடாதீர்கள். சிம்பொனி முடிந்திருக்காது. பகுதிகளுக்கு நடுவே எல்லோரும் இருமிக்கொள்வார்கள், அவ்வளவுதான். நான் ஒரு தடவை தட்டிவிட்டேன். பக்கத்திலிருந்த கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முதலில் அவர்கள் நாட்டு இசையமைப்பாளர் ஒருவரின் சின்ன உருப்படி. அரண்மனையில் பழைய காலத்தில் ஊதிய குழல் இசையை வயலின்களுக்கு மாற்றி எழுதியிருக்கிறார். நாதசுரத்துக்கு ஒத்து பிடிப்பது போல ஒரே சுரம் அறுபடாமல் நிற்க, அதன் மேல் மெட்டு மெதுவாக நடந்தது. எனக்கு அது கஷ்டமாக இல்லை. பிறகுதான் அந்தப் பெரிய சிம்பொனி. முதல் இரண்டு பகுதியும் இடிச் சத்தம்; டிம்பனி என்கிற பெரிய முரசுகளை ஒரு ஆள் பாய்ந்து பாய்ந்து அடித்தான். மூன்றாவது மெதுவான பகுதி. அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு மிருதுவாக வாசிக்கத் தெரிந்த கைகள் இந்த நாட்டில் இருந்திருக்கின்றன. இருந்துகொண்டே அதுவும் நடந்திருக்கிறது. நாற்காலியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பாடகர் குழு எழுந்தது. தொழிற்சாலைப் பெண்கள் எந்த வரிசையில் நின்றார்களோ தெரியவில்லை. தாழ்ந்த குரல்கள் தொடங்கியபோது என் வாயும் அசைந்தது. பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று இன்னும் கோபம்.

சபை கலைந்த பிறகு, வாசித்தவர்களில் ஒருவரிடமாவது நேரில் பேச வேண்டும் என்று மண்டபத்தின் பின்பக்க வாசலுக்குப் போனேன். வாத்தியக்காரர்கள் பெட்டிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான வியோலா வாசித்த ஒரு பெண் தனியாக வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கலாம். "நில்!" என்றேன்.

அவர் பயந்துபோய் நின்றுவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி சிப்பாய்களின் மொழி. நில், வா, தூக்கு, ஓடு. தயவுசெய்து என்பதற்கு அதில் சொல் கிடையாது. தொழிற்சாலையில் மேனேஜருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்ததால் இது வெளியே தெரியவில்லை.

"இந்த ஜப்பானிய மொழியை எங்கே கற்றீர்கள்?" என்று அவர் கேட்டார்.

"சயாமில். ரயில் பாதையில்."

அவருக்குப் புரிந்துவிட்டது. சாலைக்கு எதிரே ஒரு நூடுல்ஸ் கடை இருந்தது. அங்கே உட்கார்ந்து பேசினோம். அவர் பெயர் ஹராதா. மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினார்; சில இடத்தில் ஆங்கிலச் சொல்லையும் போட்டுக்கொண்டார். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் தொடக்கம் ஒரு துணிக்கடையாம். கடைக்குக் கூட்டம் சேர்க்க முதலாளி பையன்களுக்குச் சீருடை மாட்டி ஒரு பேண்டு வைத்திருந்தார். அதில் தேறினவர்களும், பேசும் படம் வந்ததும் சினிமாக் கொட்டகைகளில் வேலை இழந்த வாத்தியக்காரர்களும் சேர்ந்து ஆர்க்கெஸ்ட்ரா ஆனார்கள். எனக்கு இது பிடித்திருந்தது. நூல் கடைக்காரனுக்குப் புரிகிற வரலாறு. பிறகு ஐரோப்பாவிலிருந்து, மேடையில் நின்று ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் ஒரு நடத்துநர், யூதர், அங்கே வாழ முடியாமல் வந்து சேர்ந்தார். ஒரு சுரம் பிசகினாலும் நூறு தடவை வாசிக்கச் சொல்வாராம். ஜெர்மானிய, ஆஸ்திரியச் சிம்பொனிகளை வரிசையாக அவர்தான் பழக்கினார். சண்டை முற்றியதும் வெளிநாட்டான் மேடையேறக் கூடாது என்று உத்தரவு. அவரை இறக்கிவிட்டார்கள். இங்கிலாந்து, அமெரிக்க இசை நின்றது. ஜெர்மானிய இசைக்கு மட்டும் தடை இல்லை. ஒவ்வொரு கச்சேரியும் தேசபக்தி உருப்படியோடு தொடங்க வேண்டும். ஆண்கள் பட்டாளத்துக்குப் போகப் போக நாற்காலிகள் காலியாயின.

"அப்படிக் காலியான ஒரு நாற்காலியில்தான் என்னை உட்கார வைத்தார்கள்" என்றார் ஹராதா. "அதுவரை பெண்களை எடுக்க மாட்டார்கள். வியோலா வாசித்தவர் பர்மாவுக்குப் போனார். அவர் இடத்துக்கு நான் வந்தேன்."

"எப்போது?"

"1943 வசந்த காலம்."

நான் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். "அந்த வருஷம் மழைக்காலத்தில் நாங்கள் கட்டை தூக்கினோம். என் அக்காவின் கணவர் அப்போதுதான் செத்தார். அந்தச் சமயத்தில் நீங்கள் என்ன வாசித்தீர்கள்?"

அவரும் தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பொய் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம்.

"இதைத்தான்" என்றார். "இன்று வாசித்தோமே, இதேதான். நான் சேர்ந்து வாசித்த முதல் சிம்பொனி இது. அதனால் மறக்காது."

சொல்லிவிட்டு மேஜையில் நெற்றி படும் அளவுக்குக் குனிந்தார். கடையில் எல்லோரும் பார்த்தார்கள்.

"குனியாதே!" என்றேன். அதுவும் சிப்பாய் மொழியில்தான் வந்தது. "எனக்குக் குனிவதைப் பார்க்கப் பிடிக்காது. எழுந்து உட்கார்."

எழுந்து உட்கார்ந்தார். "பிறகு நான் என்ன செய்ய?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் கெஞ்சல் இல்லை.

"கேட்டதற்குப் பதில் சொல். அன்று கைதட்டினார்களா?"

"எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். சபையில் பாதிப்பேர் சீருடையில் இருந்தார்கள். மறுவாரம் பட்டாளத்துக்குப் போகிறவர்கள். என் தம்பியும் இருந்தான். அவனும் பர்மாவில் செத்தான். எலும்பு என்று ஒரு பெட்டி அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கல்."

"என் அத்தானுக்குக் கல்லும் வரவில்லை" என்றேன்.

"ஆமாம்" என்றார் ஹராதா. அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அந்த மேஜைக்கு வரவே இல்லை. அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். கொடுக்க வேண்டியது என் கையில் இருக்கிற பொருளா என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் அத்தான் இறந்து பன்னிரண்டு வருஷத்தில், என் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன முதல் ஆள் அவர்.

சண்டை முடிந்தபோது மண்டபம் எரிந்து, முரசுகளும் எரிந்துபோயிருந்தன. கொஞ்ச நாள் அமெரிக்கச் சிப்பாய்களின் நடனத்துக்கு ஜாஸ் வாசித்துச் சோறு தின்றார்கள். பிறகு கண்ணாடி உடைந்த ஒரு பள்ளிக்கூட அறையில் மறுபடி சிம்பொனி. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். புறப்படும்போது, அந்த ஐரோப்பிய நடத்துநர் இருந்த காலத்தில் ஆர்க்கெஸ்ட்ரா இதே சிம்பொனியை இசைத்தட்டில் பதிந்திருக்கிறது, பழைய கடைகளில் கிடைக்கும் என்று ஒரு தெருவைச் சொன்னார். மறுநாள் போய்ப் பார்த்தேன். எட்டுத் தட்டு, கனமான அட்டைப் பெட்டி, ஒரு தட்டில் மட்டும் மேலாகக் கீறல். பேரம் பேசாமல் வாங்கினேன்.

இசைத்தட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க: துணிக்கு நடுவே வைத்துப் பெட்டி கட்டுங்கள், படுக்க வைக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். சென்னைச் சுங்கத்தில் ஒவ்வொரு தட்டையும் எடுத்துப் பார்த்தார்கள். ஜப்பான் எழுத்தைப் பார்த்ததும் அதிகாரி, "இது என்னங்க, பிரசாரமா?" என்றார். "வாத்திய வாசிப்பு" என்றேன். தீர்வை கட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி முதல் வாரம் சங்கரன்கோவில். வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது பேசுவார்கள். ஜப்பான் பயணத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று எனக்கும் ஆள் அனுப்பியிருந்தார்கள். சரி, பேசுகிறேன், கூடவே அந்த ஊர் ஆர்க்கெஸ்ட்ராவையும் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். வாசகசாலைச் செயலாளர் அன்று சாயங்காலமே கடைக்கு வந்துவிட்டார்.

"பேச்சு மட்டும் போதும்வே. அந்தத் தட்டெல்லாம் வேண்டாம். சயாம்ல நம்ம ஆளுவ எத்தன பேர் செத்திருக்காங்க! அவன் பாட்ட நம்ம ஊர்ல போட்டா செத்தவங்களுக்கு அவமானம்லா?"

"சயாம்ல நான் இருந்தேன் அண்ணாச்சி. நீங்க எங்கன இருந்திய?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "உமக்கு ரோஷம் இல்லேன்னா ஊருக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக்குப் போனால் கதவில் பூட்டு. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

தட்டுப் பெட்டியோடு நான் தெருவில் நின்றதை மைக் செட் கடை சாகுல் பாய் பார்த்தார். கடையநல்லூர்க்காரர்; கல்யாணத்துக்கும் கோயில் கொடைவிழாவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர். விவரம் கேட்டுவிட்டு, "தெரு என்ன செயலாளர் வீட்டுச் சொத்தா? என்கிட்ட மிஷின் இருக்கு, கொழாய் இருக்கு. ஒங்க கடை வாசல்ல கட்டட்டா?" என்றார்.

சுப்பையா முதலாளியைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "என் கடை வாசல்ல என் கணக்குப்பிள்ளை பாட்டுப் போடுதான். இதுல எவனுக்கு என்ன?" என்றார். அரைமணி நேரத்தில் குழாய் ஏறிவிட்டது.

முதல் தட்டு சுழன்றபோது சந்தைக்கு வந்த கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சிவகிரி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் மூட்டையோடு வந்துவிட்டார்கள். நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டைத் திருப்ப வேண்டும். சாகுல் பாய் ஊசி மாற்றும் இடைவெளியில் நான் நின்று, இது என்ன, யார் வாசிக்கிறார்கள், எந்தக் காலத்தில் வாசித்தார்கள் என்று சொன்னேன். 1943-ல் இதையே வாசித்ததையும் சொன்னேன். ஒளிக்கவில்லை. மூன்றாம் தட்டு ஓடும்போது செயலாளர் ஏழெட்டுப் பேரோடு வந்தார்.

"நிறுத்துவே! சாமுவேல் அங்கன நாதியத்துச் செத்தான். அவன் மச்சினன் இங்கன நின்னு ஜப்பான்காரன் மேளத்தப் போடுதான். கேக்க ஆளில்லையா இந்த ஊர்ல?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். ஒருவர் மிஷினை நோக்கிக் கையை நீட்டினார். சாகுல் பாய் குறுக்கே நின்றார்.

அக்கா வந்திருப்பது எனக்குத் தெரியாது. நான் கூப்பிடவும் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து செயலாளருக்கு எதிரே நின்றாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் பேரு ஒங்க வாயில என்னத்துக்கு?"

"அதில்லம்மா, ஒனக்காகத்தான்..."

"எனக்காகவா? அவுக செத்த சேதி வந்த அன்னைக்கு எங்க வாசல்ல யாரு வந்து நின்னா? நீங்க வந்தியளா? ரெண்டு பொட்டப்பிள்ளய வச்சிக்கிட்டு தீப்பெட்டி ஒட்டுனேனே, அப்ப ஒங்க ரோஷம் எங்கன போயிருந்து? பன்னெண்டு வருஷமா அவுக பேர ஒருத்தரும் எடுக்கல. இன்னைக்கு ஒரு பாட்ட நிறுத்தணும்னதும் அவுக பேரு வேண்டியிருக்கு, என்ன?"

மிஷினை நோக்கி நீண்ட கை பின்னால் போயிற்று.

"எனக்கும் இது பிடிக்கல" என்றாள் அக்கா. "ஒரே இரைச்சலா இருக்கு. அவங்க வாசிக்கதக் கேட்டா வயிறு எரியுது. ஆனா நிறுத்துன்னு சொல்லணும்னா அத நான் சொல்லணும். நீங்க சொல்லப்பிடாது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏலே, முழுசும் போடு. சாமுவேல் பொண்டாட்டிக்காகப் பாதியில நிறுத்துனோம்னு நாளைக்கு எவனும் சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாது."

கடை வாசலில் கிடந்த நூல் பொதியில் உட்கார்ந்தாள். எட்டுத் தட்டும், இரண்டு பக்கமும், முடிகிற வரை உட்கார்ந்திருந்தாள். செயலாளரும் போகவில்லை, போனால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டார். மெதுவான பகுதி வந்தபோது அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அது முடிந்து பாடகர்கள் தொடங்கியதும் முந்தானையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசித் தட்டு நின்றதும் யாரும் கைதட்டவில்லை. அக்கா எழுந்து, சேலையில் ஒட்டின பஞ்சைத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஜப்பான் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: அக்டோபருக்கு முன்னால் மனுப் போடுங்கள். கம்பளி இல்லாமல் போகாதீர்கள். யென் மாற்றுவதைக் கோபேயில் பாங்கில் செய்யுங்கள், துறைமுகத் தரகர்களிடம் வேண்டாம். அவர்கள் ஊரில் நாணயமான ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், வியாபாரத்துக்கு நம்பலாம். டிசம்பரில் இருந்தால் மேல் மாடி டிக்கெட் வாங்கி அந்தச் சிம்பொனியைக் கேளுங்கள். சயாம் ரயிலில் உறவை இழந்தவர்கள் போகலாமா என்று கடையநல்லூரிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். போங்கள் என்றும் சொல்ல மாட்டேன், போகாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். எதைக் கேட்பது, எதை வெறுப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

தறிகள் கப்பலில் வந்துகொண்டிருக்கின்றன. பொருத்திக் கொடுக்கத் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் ஜூலையில் வந்து ஒரு மாதம் தங்கப் போகிறார். ஊரில் யாரும் அவருக்கு வீடு தர முன்வரவில்லை. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். போன வாரம் அக்கா தானாகவே சொன்னாள்.

"நம்ம வீட்டு முன்னறை சும்மாத்தான கெடக்கு. இங்கன வந்து இருக்கச் சொல்லு. நாம சாப்பிடுததத்தான் போடுவேன், தனியா ஒண்ணும் ஆக்க மாட்டேன். ஆனா வந்த அன்னைக்கு, எலையில கை வைக்கதுக்கு முன்னால, அத்தான் படத்துக்கிட்ட கூட்டிட்டுப் போயி, இது யாரு, எங்கன செத்தாவ, எதுக்காகச் செத்தாவன்னு நீ அவன்கிட்ட சொல்லணும். அவன் பாஷையிலயே சொல்லணும். அதுக்குப் பொறவு சாப்பிடுதான்னா சாப்பிடட்டும்."

சொல்லத்தான் போகிறேன்.